முடிந்த அட்டைகள் எங்கே போகின்றன?

மாமல்லபுரத்துக்கு வருகிற கூட்டம் கடற்கரைக் கோயிலைப் பார்க்கும், அர்ஜுனன் தபசின் முன்னால் நின்று படம் எடுக்கும், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போல் பாவனை செய்யும். பிறகு ஐந்து ரதங்களைச் சுற்றிவிட்டு மீன் வறுவல் தேடிக் கிளம்பிவிடும். ஊருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமாக நிற்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிப் போகிறவர்கள் குறைவு. அங்கே நிற்பவை பாதிக் கோயில்கள். உச்சியில் விமானத்தின் அடுக்குகளும் கூடுகளும் துல்லியமாக வடிக்கப்பட்டிருக்கின்றன. கீழே இறங்க இறங்கச் செதுக்கல் கரடுமுரடாகி, அடியில் வெறும் பாறை.

மேலிருந்து கீழாகச் செதுக்கியதற்குக் காரணம் எளிது. கட்டுமானக் கோயிலுக்குச் சாரம் வேண்டும். ஒற்றைக்கல் கோயிலுக்கு, இன்னும் செதுக்காத பாறையே சிற்பி நிற்கும் தளம். அதனால்தான் ஐந்து ரதங்களில் பெரியதான தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் முடிந்து, பல்லவ மன்னரின் பட்டப்பெயர்கள்கூடக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்க, தரைத்தளம் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. முடியாத குடைவரைகளின் உட்சுவர்களில் இன்னொரு தடயமும் கிடைக்கிறது. பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சுற்றிலும் காடி வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் கல்லைத் தட்டி எடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வேலை நின்றுபோனதால்தான் நமக்குத் தெரிகிறது. முடிந்த சிற்பத்தில் கடைசிக் கை மெருகு முந்தைய தழும்புகளையெல்லாம் தேய்த்துவிடும். கிட்டத்தட்ட முழுமையாக நிற்கும் திரௌபதி ரதத்தின் வாசல் பெண் உருவத்தை எத்தனை நாளில் செதுக்கினார்கள், நடுவில் எத்தனை நாள் வேலை நின்றது என்று கேட்டால் கல்லிடம் பதில் இல்லை.

அங்கிருந்து வடமேற்கே, ஜி.எஸ்.டி. சாலையோரக் கூடுவாஞ்சேரியில் இதே கேள்வியைக் கணினித் திரையில் கேட்கிறார்கள். 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் வல்லாஞ்சேரியில், எஸ்டான்சியா ஐ.டி. பார்க்கில் ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் ஜோஹோ ஆன நிறுவனம் அது. அது விற்கும் பல மென்பொருள்களில் ஒன்று, 2017-இல் வந்த ஜோஹோ ஸ்பிரின்ட்ஸ். மென்பொருள் குழுக்கள் தங்கள் வேலையைத் திட்டமிடவும், எது நடக்கிறது, எது முடிந்தது என்று பார்க்கவும் பயன்படுத்தும் மென்பொருள். சிறுசேரியின் சிப்காட் வளாகத்திலும் பரனூரின் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் காலையில் கம்பெனிப் பேருந்தைவிட்டு இறங்குகிற பலர் முதலில் திறக்கும் திரை இதுவாகவோ, இதன் ஆஸ்திரேலியப் பங்காளியான ஜிராவாகவோ இருக்கும். (ஜிரா 2002-இல் வந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவின் வால்தான் அந்தப் பெயர்.)

திரையின் அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. செங்குத்தாகச் சில பத்திகள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, டெஸ்டிங், டன். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டை இடமிருந்து வலமாக நகரும். இந்த வழி டொயோட்டா ஆலையிலிருந்து வந்தது. தாய்ச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையில் உதிரிபாகத்தோடு கூடவே போகும் அட்டைக்குக் கான்பன் என்று பெயர். கார் ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் மண்டிய மறைமலைநகர், ஒரகடம் பக்கத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்பிரின்ட், அதாவது ஒரு தொகுப்பு வேலையை முடிக்கக் குழு வைத்துக்கொள்ளும் காலம், பெரும்பாலும் இரண்டு வாரம். கடைசி நாளில் குழுத்தலைவர் 'ஸ்பிரின்ட் முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துவார். உடனே டன் பத்தியில் குவிந்திருந்த அட்டைகள் எல்லாம் பலகையிலிருந்து மறைந்துவிடும். முடியாதவை மட்டும் அடுத்த ஸ்பிரின்டுக்கோ, பேக்லாக் எனப்படும் காத்திருப்புப் பட்டியலுக்கோ போகும். புதிதாகச் சேர்ந்தவர் முதல்முறை இதைப் பார்த்துத் திடுக்கிடுவது சகஜம். இரண்டு வாரம் முதுகு வலிக்க உட்கார்ந்து செய்ததெல்லாம் எங்கே?

எங்கேயும் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன உண்மை போதும்: பலகை என்பது பெட்டி அல்ல, ஜன்னல். அட்டைகள் உண்மையில் இருப்பது ஒரு தரவுத்தளத்தில். அங்கே டன் பத்தியும் இல்லை, வலதுபக்கமும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அதில் தலைப்பு, பொறுப்பாளர், நிலை, எந்த ஸ்பிரின்ட் என்ற விவரங்கள். நாம் பலகையைத் திறக்கும்போது மென்பொருள் அந்தத் தரவுத்தளத்திடம் கேட்பது, 'இப்போது ஓடும் ஸ்பிரின்டில் உள்ள வேலைகளைக் கொடு' என்பதுதான். ஸ்பிரின்ட் மூடப்பட்டதும் அந்தக் கேள்விக்கான விடை மாறுகிறது. அட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜன்னல் நகர்ந்துவிட்டது.

ஸ்பிரின்ட் இல்லாமல் ஓயாது ஓடும் கான்பன் பலகைகளில் இது வேறு விதமாக நடக்கும். முடிந்து இரண்டு வாரம் ஆன அட்டையை ஜிரா தானாகவே திரையில் காட்டாமல் விட்டுவிடும். வேண்டுமானால் அந்தக் கெடுவை மாற்றிக்கொள்ளலாம். காரணம், பலகையின் வேலை நேற்றைய பெருமையைக் காட்டுவதல்ல. ஐந்நூறு முடிந்த அட்டைகளுக்கு நடுவே இன்று சிக்கி நிற்கும் மூன்றைத் தேடுவது யாருக்கும் ஆகாத வேலை.

ஆக, முடிந்ததைப் பார்க்க வேறு வாசல் வழியாகப் போக வேண்டும். ஜோஹோ ஸ்பிரின்ட்ஸில் முடிந்த ஸ்பிரின்டுகளுக்குத் தனிப் பட்டியல். ஜிராவில் ஸ்பிரின்ட் ரிப்போர்ட், அல்லது 'கடந்த முப்பது நாளில் தீர்ந்தவை' என்று எழுதித் தேடும் வசதி. ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒரு வரலாறு இருக்கும். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு நகர்த்தினார் என்பது வரி வரியாக அதில் பதிவாகியிருக்கும். திரௌபதி ரதம் தராத பதில் இங்கே உண்டு. கல்லில் முடிந்த வேலை கண்முன் நிற்கிறது, அது நடந்த விதம் அழிந்துவிட்டது. கணினியில் முடிந்த வேலை கண்ணுக்கு மறைகிறது, நடந்த விதம் ஒரு நிமிடம் விடாமல் எஞ்சுகிறது.

ஆனால் அந்தப் பதிவு நேர்மையாக இருக்க வேண்டுமென்றால், 'முடிந்தது' என்றால் என்ன என்பதில் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: 'முடிஞ்சிடுச்சு, டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி.' பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் இதைப் பற்றிச் செய்த கிண்டல் 1980-களிலேயே பிரபலம். நிரலின் முதல் தொண்ணூறு சதவீதம் தொண்ணூறு சதவீத நேரத்தை விழுங்கும். மிச்சமுள்ள பத்து சதவீதம் இன்னொரு தொண்ணூறு சதவீதத்தை விழுங்கும் என்பது அவர் கணக்கு. ஸ்பிரின்ட் ஸ்பிரின்டாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையை வகுத்த கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் இருவரும் இதற்காகவே தங்கள் வழிகாட்டி நூலில் கறாரான ஒரு விதி வைத்தார்கள். ஒரு வேலை எப்போது முடிந்ததாகும் என்று குழு முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். அந்த வரையறையைத் தொடாத வேலையை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது, ஸ்பிரின்ட் ஆய்வுக் கூட்டத்தில் காட்டவும் கூடாது; அது காத்திருப்புப் பட்டியலுக்கே திரும்ப வேண்டும். பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது என்ற கணக்கே கிடையாது.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்கு இந்த விதி புதிதல்ல. 1957-இல் தொடங்கி இன்று அரசுக் கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் நிறுவனமும், தெருக்களில் உளிச்சத்தமும் கிரைண்டர் இரைச்சலும் கலந்து கேட்கும் பட்டறைகளும் வாழும் ஊர் அது. அங்கே வழிபாட்டுக்கான சிலை எப்போது முடிந்தது என்பதற்குக் குழப்பமில்லாத அடையாளம் உண்டு. கண் திறப்பு. உடல், ஆடை, ஆபரணம், விரல் நகம் வரை எல்லாம் தீர்ந்த பிறகு, சடங்கோடு, ஸ்தபதி தங்க ஊசியோ உளியோ கொண்டு விழிகளைத் திறக்கிறார். அதுவரை அது கல். எவ்வளவு அழகாக இருந்தாலும் கல். (பல்லவர்கள்தான் ஸ்க்ரமைக் கண்டுபிடித்தார்கள் என்று இதை வைத்து வாட்ஸ்அப் தகவல் ஒன்று கிளம்பாமல் இருந்தால் சரி.)

ஒரு வேறுபாடு உண்டு. திறந்த கண்ணை மூட முடியாது. டன்னுக்குப் போன அட்டையை ரீஓப்பன் செய்ய முடியும். வாடிக்கையாளர் ஒரு பிழையைக் கண்டால் அட்டை மறுபடி இடதுபக்கம் வரும், அதுவும் வரலாற்றில் ஏறும். மும்முறை டன்னுக்குப் போய் மும்முறை திரும்பிய அட்டை ஒன்று, அந்தக் குழுவின் டெஸ்டிங் பற்றி எந்த அறிக்கையைவிடவும் வெளிப்படையாகப் பேசும்.

மென்பொருளும் தன் பங்குக்குக் குழப்பும். பலகையின் வலதுகோடிப் பத்திக்கு வந்தால்தான் ஜிராவின் ஸ்பிரின்ட் கணக்கில் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். நல்லெண்ணத்தோடு யாராவது டன்னுக்கு வலப்பக்கம் 'ரிலீஸ் ஆனது' என்று இன்னொரு பத்தி சேர்த்துவிட்டால் போச்சு. டன்னில் இருக்கும் அத்தனையும் முடியாதவை ஆகிவிடும், மீதி வேலையைக் காட்டும் வரைபடக் கோடு இறங்கவே இறங்காது. நிலை ஒரு தகவல், தீர்வு இன்னொரு தகவல் என்று ஜிரா இரண்டு கட்டங்களில் வைத்திருப்பதும் இப்படித்தான். நிலை டன் ஆகி, தீர்வுக் கட்டம் காலியாக விடப்பட்டால், தேடலில் அந்த வேலை இன்னும் தீராத வேலையாகவே வந்து நிற்கும். முடிந்த வேலையைக் காணோம் என்று தேடுபவர்களில் ஒரு பங்கினரின் நோய்க்கு மருந்து இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

சரி, முடிந்ததை ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? சம்பள உயர்வுக் கூட்டத்துக்கு முந்தைய இரவில் என்பது ஒரு பதில், பொய்யுமல்ல. மனம் இந்த விஷயத்தில் நம்பகமான கணக்குப்பிள்ளை அல்ல. 1927-இல் பெர்லினில் ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர், இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளையே மனிதர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள், முடித்தவற்றை மறந்துவிடுகிறார்கள் என்று தன் சோதனைகளிலிருந்து எழுதினார். பிற்காலச் சோதனைகளில் அதே விளைவு ஒரே சீராகக் கிடைக்கவில்லை. ஆகவே அதை விதியாகச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை என்ன முடித்தோம் என்று எந்த உளவியலும் இல்லாமலே யாருக்கும் நினைவிருக்காது என்பது வேறு.

கனமான பதில், முன்கணிப்பு. எப்போது முடியும் என்ற கேள்விக்குக் கையில் இருக்கும் ஒரே சான்று, இதுவரை எவ்வளவு முடிந்தது என்பதுதான். ஒரு குழு கடந்த மூன்று ஸ்பிரின்டுகளில் 21, 34, 26 புள்ளி அளவு வேலையை முடித்தது என்று வைத்துக்கொள்வோம் (புள்ளி என்பது வேலையின் பருமனுக்குக் குழுவே போடும் மதிப்பு). சராசரி 27. மீதி 135 புள்ளி இருந்தால் இன்னும் ஐந்து ஸ்பிரின்ட், அதாவது பத்து வாரம். ஆனால் நல்ல ஸ்பிரின்டின் வேகத்திலேயே போனால் நான்கு போதும், மோசமான வேகத்தில் போனால் ஏழு வேண்டும். விவரமான மேலாளர் வாடிக்கையாளரிடம் ஐந்து என்று சொல்வதில்லை; நான்கிலிருந்து ஏழு என்கிறார். வாடிக்கையாளருக்கு அது பிடிப்பதில்லை என்பது தனிக்கதை.

இதைவிடச் சுவாரசியமான கணக்கு ஒன்று பரனூர் சுங்கச்சாவடியில் தினமும் நடக்கிறது. பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் வண்டிகளின் வரிசையில் மாட்டிய எவருக்கும் ஒரே கேள்விதான்: எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் 60 வண்டிகள் நிற்கின்றன, நிமிடத்துக்கு 20 வண்டிகள் வெளியேறுகின்றன என்றால் மூன்று நிமிடம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதுதான். உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கையை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் சராசரி நேரம் கிடைக்கும். வண்டிகள் எந்த ஒழுங்கில் வருகின்றன, எந்த வரிசை மெதுவாக நகர்கிறது என்பதெல்லாம் இந்தச் சூத்திரத்துக்கு வேண்டாம். வரத்தும் போக்கும் நீண்ட காலத்தில் ஒத்துப்போனால் போதும்.

பலகையிலும் அதேதான். நடப்பில் 24 அட்டைகள், வாரத்துக்கு 8 முடிகின்றன என்றால் புதிதாக நுழையும் அட்டை வெளியே வரச் சுமார் மூன்று வாரம். அதைக் குறைக்க ஆளை விரட்டத் தேவையில்லை. உள்ளே விடும் அட்டைகளை 16-ஆகக் குறைத்து, முடிக்கும் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரம் ஆகிவிடும். ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைக்கும் கான்பன் வழக்கத்தின் கணித அடிப்படை இது. கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் வகுக்கும் எண் வெளியேறியவற்றிலிருந்து வருகிறது. அதாவது திரையிலிருந்து மறைந்துவிட்ட அட்டைகளிலிருந்து.

உள்ளே இருப்பவை, வெளியேறும் வேகம், ஆகும் நேரம் என்ற இந்த மூன்று அளவுகளையும் ஒரே படத்தில் காட்டுவதுதான் குவி ஓட்ட வரைபடம். ஜோஹோ ஸ்பிரின்ட்ஸ், ஜிரா இரண்டிலும் உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு நிறப்பட்டை; அடியில் டன் பட்டை, நாள் ஆக ஆக மேலே ஏறிக்கொண்டே போகும், அட்டை ரீஓப்பன் ஆனால் ஒழிய இறங்காது. நடுப்பட்டை தடித்துக்கொண்டே போனால் அங்கே வேலை தேங்குகிறது என்று பொருள். டெஸ்டிங் பட்டை ஏரி மாதிரி விரிந்து நிற்கும் படங்கள் ஐ.டி. உலகில் அரிதல்ல. அதிகம் பேர் பார்க்கும் பர்ன்டவுன் வரைபடம் இதைவிட எளிமையானது, இதைவிட ஏமாற்றவும் கூடியது. மீதி வேலையை மட்டும் அது காட்டுவதால், குழு பத்து வேலையை முடித்த அன்றே மேலிடம் பத்து வேலையைச் சேர்த்தால் கோடு அசையாமல் கிடக்கும். பார்க்கிறவருக்குக் குழு தூங்கியது போலத் தெரியும். முடிந்தது ஒரு கோடு, மொத்தம் இன்னொரு கோடு என்று இரண்டையும் பிரித்துக் காட்டும் பர்ன்அப் வரைபடம் அந்தப் பழியைத் துடைத்துவிடும்.

முடிந்ததை எண்ணுவதில் ஆபத்தும் இருக்கிறது. இந்த ஸ்பிரின்டில் 27 புள்ளி, அடுத்ததில் 35 வேண்டும் என்று மேலிடம் சொன்னால் 35 வந்துவிடும். வேலை கூடியிருக்காது, மூன்று புள்ளி வேலைக்கு இனி ஐந்து புள்ளி போடுவார்கள். கடைக்காரர் எடைக்கல்லைக் குடைந்து எடை குறைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்தப் புள்ளி முறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராகக் கருதப்படும் ரான் ஜெஃப்ரிஸ், தாம்தான் அதைக் கண்டுபிடித்திருந்தால் அதற்காக இப்போது வருந்துவதாக எழுதினார். எண்ணிக்கை குழுவுக்குள் இருக்கும்வரை கருவி; குழுக்களை ஒப்பிடும் பட்டியலில் ஏறிய நாளிலிருந்து அது நடிப்பு.

முடிந்த வேலையைக் காட்டுவதில் தனக்கென ஒரு பாணி வைத்திருந்த மென்பொருள் பிவோட்டல் டிராக்கர். சான்பிரான்சிஸ்கோவின் பிவோட்டல் லேப்ஸ் உருவாக்கியது. அங்கே நடப்பு வேலைக்கு ஒரு பலகம், காத்திருப்பதற்கு ஒன்று, முடிந்தவற்றுக்கென்றே ஒன்று. வாடிக்கையாளர் தரப்பு ஏற்றுக்கொண்ட வேலைகள், அந்தச் சுற்று முடிந்ததும் தாமாகவே முடிந்தவை பலகத்துக்குப் போய் வார வாரமாக அடுக்கிக்கொள்ளும். கடைசி மூன்று சுற்றுகளின் சராசரியை அதுவே போட்டு, வரும் வாரங்களில் எது எப்போது முடியும் என்று கோடு கிழித்துவிடும். வழக்கமாக முடிந்த வேலையே அந்த எண்ணைத் தீர்மானித்தது. பல குழுக்கள் ஜிராவுக்கு மாற மறுத்து ஆண்டுக்கணக்கில் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

நிறுவனம் கைமாறி, விஎம்வேர் வழியாக பிராட்காமிடம் போய்ச் சேர்ந்தது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு டிராக்கர் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு அதற்குச் சில மாதங்கள் முன்னதாக வந்தது. அதற்குள் தரவை இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்து, பதினைந்து ஆண்டு முடிந்த வேலையை வைத்திருந்த குழுக்கள் அப்படியே செய்தன. இறங்கி வந்தது எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு கோப்பு. அதில் பலகமும் இல்லை, நகரும் அட்டையும் இல்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி, அதற்கு நேரே அது ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி.